பதினொன்றை விட்டுப் பன்னிரண்டு

எங்கள் சபையில் ஜெபச் சங்கிலி என்று ஒன்று உண்டு. யாருக்காவது உடம்பு முடியவில்லை, வேலை போய்விட்டது, பிள்ளை கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டான் என்றால் முதலில் எனக்குத்தான் சொல்வார்கள். நான் இரண்டாம் எண்ணுக்குப் போன் செய்வேன். இரண்டு மூன்றுக்கு, மூன்று நான்குக்கு, இப்படிப் பத்தொன்பது பெண்கள். பத்தொன்பதாவது ஆள் கடைசியில் எனக்கே போன் செய்து, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். போகிற வழியில் யாரும் உப்புக் காரம் சேர்த்துவிடவில்லையே என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. பெயர் வேண்டாம் என்றால் பெயர் சொல்வதில்லை. 'ஒரு சகோதரி', 'ஒரு சகோதரன்', அவ்வளவுதான்.

இதை உண்டாக்கியவள் நான். பதினாறு வருஷமாக நடத்துகிறேன். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பிவிடலாமே என்று சின்ன வயதுக்காரர்கள் கேட்டபோது முடியாது என்று சொல்லிவிட்டேன். கைகூப்பிய படம் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். குரலில் கேட்டால்தான் மனம் கசியும். இந்தச் சங்கிலியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

பதினொன்றாவது எண் தையல்காரி. இருபது வருஷமாக ஆலயத்தில் மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில் உட்காருகிறவள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், அதனால் நான் அவளுக்கு அக்கா. வீட்டு முன்னறைதான் அவள் கடை. தெருவைப் பார்த்த ஜன்னலோரம் மிஷின், சுவரில் அரைகுறையாகத் தைத்துத் தொங்கும் துணிகள், தரையெல்லாம் நூல் துணுக்குகள். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே ஊர்க்கதை முழுவதையும் பேசிவிடுவாள். ஒரு ஊசி கீழே விழாது. அவள் கணவர் பஸ் ஓட்டுகிறார். அவர் ஒரு நாளில் பேசுவது பஸ்ஸுக்குள் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளைவிடக் குறைவு.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். வருகிறவர்களின் காதுக்கும் மூக்குக்கும் சட்டம் பொருந்துகிறதா என்று பார்த்து வளைத்துக் கொடுப்பது என் வேலை. முப்பது வருஷம் பிறத்தியார் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் சில விஷயங்கள் தானாகத் தெரிந்துவிடும். ஒரு நாள், தைக்கக் கொடுத்த பாவாடையை வாங்க அவள் கடைக்குப் போயிருந்தேன். அவள் ஊசியில் நூல் கோக்கிறாள். ஊசியை நேராகப் பார்க்காமல், முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, ஏதோ ஊசி அவளிடம் கோபித்துக்கொண்டது போல ஓரக்கண்ணால் பார்க்கிறாள். நேராகப் பார்க்கிற இடத்தில் பார்வை இல்லாதவர்கள்தான் அப்படிப் பார்ப்பார்கள்.

கேட்டேன். முதலில் மழுப்பினாள். தூக்கம் சரியில்லை என்றாள், வெளிச்சம் போதவில்லை என்றாள். நான் விடவில்லை. கடைசியில் குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். அவள் ஊசியில்லாத வாயோடு பேசி நான் பார்த்தது மிகக் குறைவு.

கண் டாக்டரிடம் மூன்று முறை போய்வந்துவிட்டாளாம். விழிக்குப் பின்னால் இருக்கும் திரை நடுவிலிருந்து தேய்ந்துகொண்டு வருகிறது. மருந்து இல்லை. கண்ணாடி போட்டும் பிரயோசனம் இல்லை. ஓரத்தில் கொஞ்சம் பார்வை மிஞ்சும், சுவரில் இடிக்காமல் நடக்கலாம். ஆனால் தையல் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வருஷம் ஓடினால் அதிகம் என்று சொல்லியிருக்கிறார்கள். கணவருக்குத் தெரியும், இப்போது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்றாள்.

"கண்ணு போகுதுன்னு தெரிஞ்சா யாருக்கா எனக்குத் துணி கொடுப்பாங்க? இருக்கிற வரைக்கும் தையல்காரியா இருந்துட்டுப் போறேன். அதுக்கப்புறம் குருடியா இருக்க நிறைய நாள் கிடக்கு."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அந்த வருஷம் பாடகர் குழுவுக்குப் புது அங்கி தைக்க வேண்டியிருந்தது, இருபத்திரண்டு அங்கிகள். அதை மட்டும் தன் கையால் முடித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். முடிப்பாள் என்றுதான் நானும் நம்பினேன். அவள் விரல்களுக்கே பாதிக் கண் உண்டு.

வீட்டுக்கு வந்தேன். தனியாக முழங்கால் போட்டேன். என்ன ஜெபித்தும் அது கூரையைத் தாண்டிப் போனதாகத் தோன்றவில்லை. பதினாறு வருஷமாகப் பதினெட்டுப் பேரோடு சேர்ந்தே ஜெபித்துப் பழகிவிட்டேன், என் ஒருத்தியின் குரல் எனக்கே போதாமல் இருந்தது. இவ்வளவு பெரிய காரியத்தை நான் ஒருத்தி சுமந்துகொண்டிருந்தால், நாளைக்கு ஆண்டவர் சங்கிலி எங்கே போயிற்று என்று கேட்கமாட்டாரா? இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் பயந்துபோயிருந்தேன். பயத்தைப் பங்கு போட ஆள் தேடினேன்.

மூன்றாம் நாள் காலையில் இரண்டாம் எண்ணுக்குப் போன் செய்தேன். 'ஒரு சகோதரியின் கண்களுக்காக ஜெபிக்க வேண்டும். மருத்துவர் கைவிட்டுவிட்டார். பெயர் வேண்டாம்.' அவ்வளவுதான் சொன்னேன். வேலை, வயது, தெரு எதுவும் சொல்லவில்லை. அதற்கு முன்பே ஒரு காரியம் செய்திருந்தேன். சங்கிலி அதன் போக்கில் போனால் பதினொன்றாவதாக அவளுக்கே போய்ச் சேருமே. பத்தாம் எண், பள்ளிக்கூட டீச்சர், நம்பிக்கையான பெண். அவளைக் கூப்பிட்டு, இந்த ஒரு தடவை மட்டும் பதினொன்றை விட்டுவிட்டு நேராகப் பன்னிரண்டுக்குப் போன் செய் என்றேன். டீச்சர் "சரிக்கா" என்றாள். ஏன் என்று அவள் கேட்காததை நான் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு சாமர்த்தியமாகச் செய்துவிட்டேன் என்று என் முதுகில் நானே தட்டிக்கொடுக்காத குறை.

பன்னிரண்டாம் எண் ரொட்டிக்கடைக்காரி. பதினாறு வருஷமாகத் தையல்காரியின் குரலில்தான் அவளுக்குச் செய்தி வரும். அன்றைக்கு டீச்சரின் குரலில் வந்தது. ஏன் நீங்கள் கூப்பிடுகிறீர்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள். டீச்சருக்குப் பொய் சொல்ல வராது. அக்காதான் பதினொன்றை விட்டுவிடச் சொன்னார்கள் என்றிருக்கிறாள். பெயரை யாரும் சொல்லவில்லை, உண்மைதான். சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் நான் செய்துவைத்திருந்தேன்.

சாயங்காலம் பத்தொன்பதாம் எண் எனக்குப் போன் செய்து, நான் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னாள். சொல்லிவிட்டு, "பாவம்க்கா, ஊசி நூலை வெச்சுப் பொழைக்கிற பொண்ணு" என்று விம்மினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் நாலு படிகள். இருபது வருஷமாக அவள் தாவி ஏறுகிற படிகள். அன்றைக்கு இரண்டு பேர் ஓடிவந்து ஆளுக்கொரு முழங்கையைப் பிடித்தார்கள். ரொட்டிக்கடைக்காரி பாட்டுப் புத்தகத்தைப் பக்கம் புரட்டிக் கையில் வைத்தாள். எங்கோ தூரத்தில் உட்காருகிறவர்கள்கூட வந்து கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்கள். போதகர் அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஒருவர் சுமையை ஒருவர் வாங்கிக்கொள்வதுதான் சபை என்றார். அவருக்கு விஷயம் தெரியுமோ தெரியாதோ, மூன்றாவது வரிசையையே பார்த்துச் சொன்னது போல இருந்தது. நான் பாட்டுப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து தெருவில் நடக்கும்போதுதான் அவள் பேசினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"இந்த வாரம் சங்கிலி ஓடிச்சா?"

ஓடியது என்றேன்.

"எனக்கு ஏன் போன் வரல?"

மன்னித்துவிடு என்றேன். பயந்து செய்துவிட்டேன் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தாள். அவள் வீட்டு வாசலில் நின்று, உனக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியும் அக்கா என்று மட்டும் சொன்னாள். நாலு அடி அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அடுத்த வாரத்திலிருந்து அன்பு வர ஆரம்பித்தது. அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. மத்தியானம் ஒரு வீட்டிலிருந்து சாப்பாடு, சாயங்காலம் இன்னொரு வீட்டிலிருந்து. டீச்சர் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து வீட்டைக் கூட்டித் துடைத்தாள். போதகரின் மனைவி கடைக்குப் போய்க் காய்கறி வாங்கிப் போட்டார். தையல்காரிக்கு வீட்டில் வேலையே இல்லாமல் செய்துவிட்டார்கள். துணியும் வரவில்லை.

யாரும் அவள் கெடுத்துவிடுவாள் என்று பயந்து துணியை நிறுத்தவில்லை. அப்படி நிறுத்தியிருந்தால் போய்ச் சண்டை போட்டிருப்பேன், எனக்குச் சண்டை போட நன்றாக வரும். இவர்கள் அவள் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க நிறுத்தினார்கள். ஒவ்வொரு தையலும் அந்தக் கண்ணை இன்னும் கொஞ்சம் தின்றுவிடும் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை, தைத்தாலும் தைக்காவிட்டாலும் போகிற கண் போகத்தான் போகிறது என்று நான் வீடு வீடாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தார்கள், ஆனால் துணி மட்டும் தரவில்லை. ரொட்டிக்கடைக்காரி ஒருபடி மேலே போய், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ரொட்டியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, பாவம், கொஞ்ச நாளைக்கு அவளிடம் தைக்கக் கொடுக்காதீர்கள், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவந்தாள். சபைக்கு வெளியே இருந்த நாலு வாடிக்கையும் அப்படித்தான் நின்றது.

பாடகர் குழுத் தலைவர் நேரில் வந்தார். நல்ல மனிதர், குரலும் நல்ல குரல். உங்களைச் சிரமப்படுத்த எங்களுக்கு மனம் வரவில்லை, அங்கிகளை ரெடிமேடாக வாங்கிவிட்டோம் என்று சொல்லி, ஒரு பூச்செடியும் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். அவள் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். அதன் பிறகு இருபத்திரண்டு பேருக்கும் அளவெடுத்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து நாலாக மடித்து, மடித்ததை இன்னும் நாலாக மடித்து, மிஷின் இழுப்பறைக்குள் போட்டாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

சங்கிலியும் அவளை விட்டேதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் டீச்சரிடம் பழையபடி பதினொன்றுக்கே போன் செய் என்று சொல்லிவிட்டேன். ஆனால் டீச்சருக்கு மனம் வரவில்லை. சொந்தக் கஷ்டமே தலைக்குமேல் இருக்கும்போது அடுத்தவர் கஷ்டத்தை எப்படி அவள் காதில் போடுவது என்கிறாள். இரண்டு தடவை பேருக்குப் போன் செய்து, சாப்பிட்டீர்களா என்று மட்டும் விசாரித்துவிட்டு வைத்திருக்கிறாள். தையல்காரியே என்னிடம் இதைச் சொன்னாள். "கண்ணுதானே போகுது, காது நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

போதகரிடம் போனேன். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து முழுவதையும் கொட்டினேன். அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நான் மேடையில நின்னு என்னம்மா சொல்ல முடியும்? கொஞ்ச நாளைக்கு யாரும் அன்பு காட்டாதீங்கன்னா?"

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. பிறகு அவர், எல்லாரிடமும் ஒரு சின்னத் துணியாவது கொடுக்கச் சொல்லிப் பாருங்கள், போதகர் சொன்னார் என்று சொல்லுங்கள் என்றார். ஆண்டவரே வாய் திறந்தது போல எனக்குச் சந்தோஷம். அன்றைக்கே எல்லாருக்கும் போன் செய்தேன். ஆளுக்கொரு துணி, பெரிதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கீழ் மடிப்புப் பிரிந்தது, தோள் விட்டுப்போனது, எதுவாக இருந்தாலும் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றேன்.

கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் ஏழு துணிகள். நான் அங்கே போனது ஒரு புதன்கிழமை. ஜன்னலோரம் மிஷின் சத்தம் தெருமுனைக்கே கேட்டது. எனக்கு உள்ளுக்குள் பாட்டே வந்தது. உள்ளே போனால், அவள் தைப்பதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தாள். உட்காரச் சொன்னாள். டீச்சரின் பாவாடையை எடுத்து, பிரிந்திருந்த மடிப்பின் ஓரமாக ஆள்காட்டி விரலை மெதுவாக ஓட்டினாள்.

"தையல் தானா விட்டா நூல் நைஞ்சு நைஞ்சு நீளமா தொங்கும். இங்க தொட்டுப் பாரு. எல்லாம் ஒரே அளவு. பிளேடு வெச்சு ஒவ்வொண்ணா வெட்டியிருக்காங்க."

அடுத்ததை எடுத்தாள். அதுவும் அப்படித்தான். ரொட்டிக்கடைக்காரியின் மேலங்கி, போதகர் வீட்டுத் திரைச்சீலை, எல்லாம் நல்ல துணிகள், நல்ல தையல், பிளேடு வெட்டு. ஏழு வீடுகளில் ஏழு பேர் உட்கார்ந்து, பொறுமையாக, அவளுக்காக நல்ல துணியை வெட்டியிருக்கிறார்கள். கடைசியாக ஒரு தலையணை உறையை எடுத்தாள். விரலை ஓட்டவில்லை.

"இது உன்னோடது."

ஆமாம் என்றேன். என் வீட்டில் பிரிந்த துணி எதுவும் இல்லை. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நான் கொடுக்காமல் இருக்க முடியுமா? சமையலறையில் நின்றுகொண்டே வெட்டினேன். வெட்டும்போது ஜெபம்கூடச் செய்தேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ரொட்டிக்கடைக்காரி பிளேடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்துச் சிரித்தாள், நானும் சிரித்துவிட்டேன். பாதியில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"திட்டக்கூட முடியலக்கா. கெட்டவங்களா இருந்தா வாய் நிறையத் திட்டலாம். நீயாவது எனக்குப் பொய் சொல்லாத. எனக்கு வேற எதுவும் செய்யவேண்டாம், அது மட்டும் போதும்."

ஏழு துணியையும் அவள் தைத்துத்தான் கொடுத்தாள். திருப்பிக் கொடுத்தால் அவர்கள் மனம் நோகும் என்றாள். அதன்பின் மிஷின்மேல் ஒரு உறையைப் போட்டு மூடிவிட்டாள். நான் தினமும் வேலை முடிந்து அங்கே போய் உட்காருவேன். அவள் கணவர் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து எங்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுப்பார். மூன்று பேரும் மூடிய மிஷினைப் பார்த்துக்கொண்டு குடிப்போம். வீட்டுக்கு வந்து ஆண்டவரிடம் கேட்பேன், நீர் இவ்வளவு பேரை இவ்வளவு நல்லவர்களாக வைத்திருக்கிறீரே, ஒருத்தராவது அவளுக்கு உபயோகமாக இருக்கக் கூடாதா என்று. கோபமாகத்தான் கேட்பேன். அவர் என் கோபத்துக்குப் பழகியவர்.

இப்படி நாலு மாதம் போனது. அவள் முகத்தைத் திருப்பும் கோணம் மாதத்துக்கு மாதம் அதிகமாகிக்கொண்டே வந்தது. வேலை மட்டும் தெரிந்த ஒருத்திக்கு, மிச்சமிருந்த பார்வையெல்லாம் நாங்கள் கொண்டுவந்த பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது எது யாருடையது என்று கண்டுபிடிக்கவே செலவானது.

போன வாரம் ஒரு அடக்க ஆராதனையில் மெழுகுவத்தி சாய்ந்து, திருவிருந்து மேசையின் வெள்ளை விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பொசுங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. கடையில் ஒன்று வாங்கிவிடலாம் என்றார் போதகர். நான் வெறும் துணியாக வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார்.

சனிக்கிழமை மத்தியானம் துணியோடு போனேன். விஷயத்தைச் சொன்னேன். பழைய விரிப்பையும் எடுத்துப் போயிருந்தேன், அவள் நம்பவேண்டுமே. பொசுங்கிய இடத்தைத் தடவிப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். நீ பொசுக்கவில்லையே என்று கேட்டாள். இல்லை, நான் அன்றைக்கு ஆலயத்துக்கே போகவில்லை, உன்னோடுதான் உட்கார்ந்திருந்தேன் என்றேன். கொஞ்சம் யோசித்தாள். ஆமாம் என்றாள். எழுந்துபோய் மிஷின் உறையை எடுத்தாள்.

நாலு பக்கமும் மடித்து நேராக ஒரு ஓட்டு ஓட்டவேண்டும். அவ்வளவுதான் வேலை. அவள் கை பழகாத வேலையில்லை. முன்பெல்லாம் பேசிக்கொண்டே பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவாள். கணவர் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். அவள் துணியை மடித்து நகத்தால் அழுத்திக் குண்டூசி குத்தினாள். அதுவரை விரல்களே பார்த்துக்கொண்டன. பிறகு ஊசிக்குக் கீழே துணியை வைத்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மிஷின் ஓடியது. வெள்ளைத் துணி, வெள்ளை நூல். ஒரு பக்கம் முடிந்ததும் நிறுத்தினாள்.

"நேரா இருக்கா?"

நேராக இல்லை. பாதிவரை ஒழுங்காகப் போன தையல், அதற்குமேல் மடிப்பை விட்டு இறங்கி, துணியின் நடுவைப் பார்த்துப் போயிருந்தது. கணவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். மேசையில் விரித்தால் தூரத்தில் இருக்கிறவர்களுக்கு அது தெரியாது. கிட்டே வருகிறவர்கள் பார்த்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், அழகாக இருக்கிறது என்று அவள் கையைப் பிடித்துச் சொல்வார்கள். எனக்கும் நாக்கு நுனிவரை அதுதான் வந்தது.

"இல்ல" என்றேன்.

"எங்க போகுது?"

"பாதிக்கு மேல. உள்பக்கமா."

"எவ்வளவு?"

"ரெண்டு விரல்."

சரி, பிரி என்றாள். வெள்ளைமேல் வெள்ளையாக இருந்த அந்தத் தையலை அவளால் பிரிக்க முடியாது. பிளேடை வாங்கிக்கொண்டு நான் பிரித்தேன். ஒவ்வொரு தையலாக வெட்டி, நூலைப் பொறுக்கி எடுத்து, துணியை நீவி அவளிடம் கொடுத்தேன். மறுபடி மடித்தாள், குத்தினாள், ஓட்டினாள். இந்த முறை மெதுவாக ஓட்டினாள், மடிப்பின்மேல் இடது கைக் கட்டைவிரலை வைத்துத் தடவிக்கொண்டே.

"இப்போ?"

"இல்ல. இப்பவும் இறங்குது. ஒரு விரல்."

"முன்னைக்கு இப்போ தேவலையா?"

"தேவலை."

பிரித்தேன். கணவர் எழுந்து உள்ளே போய்விட்டார். சமையலறையில் தண்ணீரைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. மூன்றாவது முறை முன்னைவிட மோசமாக வந்தது. அவள் களைத்துப்போயிருந்தாள், நெற்றியெல்லாம் வேர்வை. இப்போ என்று கேட்டாள். எனக்குக் குரல் வரவில்லை. அதை அவள் கேட்டுவிட்டாள்.

"அழாதக்கா. துணி நனைஞ்சா இஸ்திரி போடணும்."

நாளைக்குக் காலையில் ஆராதனை. கடையில் ரெடிமேடு விரிப்பு இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தத் துணியில் இன்னும் எத்தனை தடவை ஊசி இறங்க இடம் இருக்கிறது என்பதும் தெரியும். ஓரமெல்லாம் ஏற்கனவே சின்னச் சின்ன ஓட்டையாகிவிட்டது. இத்தனை பேர் இத்தனை மாதம் அவளுக்கு எவ்வளவோ செய்தார்கள், ஆனால் அவளுக்கு ஒரு நேர்கோட்டைக்கூட வாங்கித்தர என்னால் முடியவில்லை.

"எவ்வளவு போயிருக்கு, சொல்லு" என்றாள்.

"மூணு விரல்."

"எந்தப் பக்கம்?"

"உள்பக்கம்."

"சரி, பிரி" என்று துணியை என் மடியில் போட்டுவிட்டு, அடுத்த ஓட்டுக்குப் பாபினில் அடிநூல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க ஆரம்பித்தாள்.